தீலஷின்களுக்குத் தானம்: நம் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

யாங்கோனில் நம் தமிழ் வீடுகளின் வாசலில் பிக்குகள் வந்து நின்றால் சுடச்சுடச் சோறும் கறியும் போகின்றன. தீலஷின்கள், அதாவது இளஞ்சிவப்பு உடை உடுத்தும் பர்மியப் பௌத்தப் பெண் துறவிகள், வந்து நின்றால் ஒரு கரண்டி அரிசியும் கசங்கிய ஒரு நோட்டும் போகின்றன. இரு சாராரும் தலை மழித்தவர்கள், நண்பகலுக்குப் பின் உண்ணாதவர்கள், ஒரே பாலி நூல்களைப் படிக்கிறவர்கள். ஆணுக்குச் சோறு, பெண்ணுக்கு அரிசி என்னும் வழக்கத்தை நம் வீட்டளவிலாவது மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் எழுதுகிறேன்.

நான் தாமுவேயில் பருப்புக் கடை வைத்திருப்பவள். என் மாமியார் காலத்திலிருந்தே எங்கள் வீட்டுக்கும் ஒரு தீலஷின் மடத்துக்கும் பழக்கம் உண்டு. அந்த மடத்தின் மளிகைக் கணக்கை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். காளியம்மன் கோயிலுக்கும் போய், பயாவுக்கும் (பௌத்தக் கோயிலுக்கும்) போகிற நம்மைப் போன்ற குடும்பங்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

அரிசிக்கும் சோற்றுக்கும் நடுவே இருப்பது

இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம் உண்டு, அதை மறைக்க வேண்டாம். பிக்குகள் விநயப்படி, அதாவது துறவிகளுக்கான ஒழுக்க விதிகளின்படி, தாமே சமைக்கக் கூடாது, வேகாத தானியம் வாங்கக் கூடாது. ஆகவே நாம் சமைத்துத் தருகிறோம். தீலஷின்கள் எட்டுச் சீலமோ பத்துச் சீலமோ (ஒழுக்க விரதங்கள்) காப்பவர்கள். சமைக்க அவர்களுக்குத் தடை இல்லை. ஆகவே அரிசி தருகிறோம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் விளைவைப் பாருங்கள். காலை வேளையில் ஒரு பிக்கு பாடம் படித்துக்கொண்டிருக்கும்போது, அதே பாடம் படிக்க வேண்டிய தீலஷின் கரியடுப்பை ஊதிக்கொண்டிருக்கிறார். தமக்குச் சமைத்து முடித்த பிறகு பக்கத்து மடத்துப் பிக்குகளுக்கும் சமைத்து அனுப்புகிற தீலஷின்கள் உண்டு. பிறகு இருவரும் ஒரே அரசுப் பாலித் தேர்வை, ஒரே வினாத்தாளோடு எழுதுகிறார்கள்.

ஆக, நீங்கள் வேகவைத்த சோற்றைக் கொடுக்கும்போது உண்மையில் கொடுப்பது ஒரு காலைப் பொழுதை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தானாக விளங்கும்.

தீலஷின்கள் ஏன் பிக்குணிகள் (பிக்குகளைப் போல முழுத் துறவு பெற்ற பெண்கள்) அல்லர் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பகான் காலத்துக் கல்வெட்டுகளில் பிக்குணிகள் இருக்கிறார்கள். பிறகு தேரவாத நாடுகளில் அந்த மரபு அறுந்துபோயிற்று. அதை மீண்டும் தொடரலாம் என்று சொன்னவர்களில் பர்மியப் பிக்குகளே உண்டு. 1935-இல் ஆதிச்சவம்சர் அதற்காக ஒரு நூல் எழுதி, பிக்குகளிடையே கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். புகழ்பெற்ற தியான ஆசிரியர் மகாசி சயாடோவின் குருவான மிங்குன் ஜேதவன சயாடோ 1949-இல் எழுதிய பாலி உரையில், பிக்குணிகள் இல்லாத காலத்தில் பிக்குகள் மட்டுமே கூடிப் பெண்ணுக்கு உபசம்பதை (முழுத் துறவுத் தீட்சை) தரலாம் என்று வாதிட்டார். இலங்கையில் 1998-இல் தம்புள்ளையில் மரபு மீண்டும் தொடங்கியது. இங்கே 1980-இல் அமைந்த, 47 பிக்குகள் கொண்ட அரச சங்க மகாநாயக்க சபை அதை ஏற்கவில்லை. இலங்கையில் உபசம்பதை பெற்றுத் திரும்பிய ஒரு பர்மியப் பெண் 2005-இல் சிறை வைக்கப்பட்டார்.

இது பெரிய வழக்கு. கடைக்காரியாகிய நான் தீர்க்கக்கூடியது அல்ல. ஆனால் என் அடுப்பில் என்ன வேகிறது, யாருக்கு எந்தப் பாயை விரிக்கிறேன் என்பதை எந்தச் சபையும் தீர்மானிப்பதில்லை.

புண்ணியம் குறையுமா என்று கேட்கும் பெரியவர்களுக்கு

வீட்டில் முதல் தடை இங்கேதான் வரும். "தீலஷின் சங்கத்தில் சேர்ந்தவர் இல்லை, அவருக்குக் கொடுத்தால் புண்ணியம் குறைவு" என்று மாமியாரோ மூத்த நாத்தனாரோ சொல்வார். சண்டை போடாதீர்கள். தக்கிணாவிபங்க சுத்தத்தை எடுத்துச் சொல்லுங்கள் (சுத்தம் என்றால் புத்தரின் பாலி உரை). பர்மிய மொழிபெயர்ப்பில் எளிதாகக் கிடைக்கிறது. மகாபஜாபதி கோதமி, அதாவது புத்தரை வளர்த்த சிற்றன்னை, தம் கையாலேயே நூற்று நெய்த இரண்டு துணிகளைக் கொண்டுவந்து கொடுக்கிறார். அதை ஒட்டித்தான் புத்தர் தானங்களை வரிசைப்படுத்துகிறார். சங்கத்துக்குத் தரும் ஏழு வகைத் தானங்களில் முதலிடத்தில் நிற்பது, புத்தர் தலைமையில் பிக்குகளும் பிக்குணிகளும் சேர்ந்த சங்கத்துக்குத் தருவது. தனி ஆளுக்குத் தருவதில், ஒரு விலங்குக்குத் தந்தாலே நூறு மடங்கு பலன். சீலமுள்ள சாதாரண மனிதருக்குத் தந்தால் நூறாயிரம் மடங்கு. சீலத்தைத்தான் எண்ணினாரே தவிர ஆணா பெண்ணா என்று எண்ணவில்லை.

தமிழ் மட்டும் படித்த பெரியவர்களிடம் இன்னும் சுருக்கமாகச் சொல்லலாம். மணிமேகலையின் பாத்திரத்தில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை. பெண் துறவி கையேந்த, இன்னொரு பெண் சோறிட்ட கதை நம்முடையது. எங்கள் வீட்டில் என் மாமியாருக்கு இது போதுமானதாக இருந்தது.

வாசலில்

தீலஷின்கள் பிக்குகளைப் போல அன்றாடம் வருவதில்லை. பெரும்பாலும் உபோசத நாளை (பௌர்ணமி, அமாவாசை போன்ற பௌத்த விரத நாளை) ஒட்டிய ஓரிரு நாட்களில், காலையில், வரிசையாக வருவார்கள். உங்கள் தெருவுக்கு எந்த நாட்களில் வருகிறார்கள் என்பதைச் சமையலறை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். குறித்து வைத்தால்தான் அது நினைத்தபோது கொடுக்கும் கொசுறாக இல்லாமல் வீட்டுக் கடமையாக ஆகும்.

செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். பிக்குவுக்குக் கழற்றுகிறோம், தீலஷினுக்குச் செருப்போடு நின்றே போடுகிறோம். இதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள். அரிசியைக் குனிந்து, இரண்டு கைகளாலும் போடுங்கள். இளையவரைச் சயாலே என்றும், மூத்தவரைச் சயாஜி என்றும் அழையுங்கள். எட்டு வயதுச் சிறுமியாக இருந்தாலும் சயாலேதான். "ஏ பிள்ளை" என்று கூப்பிடுவதை நம் தெருவில் நானே கேட்டிருக்கிறேன். அது கூடவே கூடாது.

வேகவைத்த சோற்றை அவர்கள் பாத்திரத்தில் அப்படியே கொட்டிவிடாதீர்கள். அதில் ஏற்கெனவே பல வீட்டு அரிசி இருக்கும், இரண்டும் கெட்டுப்போகும். வரிசையில் மூத்தவரிடம், "எங்கள் வீட்டிலிருந்து இன்ன நாள் காலை உணவு அனுப்பலாமா, எத்தனை பேர்?" என்று முன்கூட்டியே கேளுங்கள். மடம் எங்கே இருக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நாள் முடிவானதும் டிபன் கேரியரிலும் தூக்குவாளியிலும் போட்டு, பத்தரை மணிக்குள் மடத்தில் சேர்த்துவிட வேண்டும். நண்பகலைத் தாண்டிப் போனால் அவர்களால் உண்ண முடியாது, பிக்குகளைப் போலவே. மழைக்காலத்தில் யாங்கோன் தெருக்களில் தண்ணீர் நிற்கும் என்பதால் இன்னும் முன்னதாகக் கிளம்புங்கள்.

என்ன சமைப்பது? சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல், வடை, கெட்டித் தயிர் என்று நம் சமையலையே கொடுங்கள், விரும்பி உண்கிறார்கள். காரத்தை மட்டும் குறையுங்கள், சிறுமிகள் இருப்பார்கள். வாசோ மாதத்தில் தொடங்கும் மழைக்காலத் தவத்தின்போது சைவம் மட்டும் உண்பவர்கள் உண்டு, கேட்டுவிடுவது நல்லது. நம் சமையலில் நெத்திலியோ ஙாப்பியோ (பர்மிய மீன் விழுது) சேர்ந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

சமைக்க முடியாத வீடுகள் அரிசியே கொடுக்கலாம், குறையில்லை. ஆனால் மடத்துக் கணக்கைப் பார்க்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். நூறு வீட்டு அரிசி ஒன்றாகக் கலந்தால் சோறு ஒரே பதத்தில் வேகாது. பழையது, புதியது, நொய், ஒட்டரிசி எல்லாம் ஒரே பானையில் விழுகின்றன. ஒரு பங்கு குழையும்போது இன்னொரு பங்கு நறுக்கென்று நிற்கும். ஆகவே வாரந்தோறும் ஒரு பால்டப்பா அரிசி போடுவதைவிட, நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து மாதம் ஒரு மூட்டை, ஒரே ரகம், நீங்கள் உண்கிற அதே ரகம் வாங்கிக் கொடுப்பது நல்லது. தானத்துக்கு என்று தனியாக மட்ட அரிசி கேட்டு என் கடைப் பக்கம் வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்லி அனுப்புகிறேன்.

பணம் கொடுக்கலாமா? எட்டுச் சீலத்தவர் கையில் கொடுக்கலாம். பத்துச் சீலத்தவர் பொன்னும் பணமும் தொடமாட்டார். மடத்தில் அதற்கென்று இருக்கும் இல்லறத்தாரிடம் கொடுங்கள்.

பிற்பகலில் இளஞ்சிவப்பு உடையில் தேநீர்க்கடைகளில் தனியாகக் கையேந்துகிறவர்களைக் காட்டி, எல்லாருமே ஏமாற்றுக்காரர்கள் என்று சிலர் சொல்வார்கள். மடத்தை நேரில் போய்ப் பார்த்து அங்கே கொடுத்தால் இந்தச் சந்தேகமே எழாது.

யாரும் கொண்டுவராத பொருள்கள்

மடத்துக்குச் சோப்பும் மெழுகுவர்த்தியும் தேவைக்கு மேல் வருகின்றன. வராதவை வேறு. முதலில் சானிட்டரி நாப்கின். ஐம்பது பெண்கள் இருக்கும் மடத்துக்கு இது ஒவ்வொரு மாதமும் வேண்டும். வாய் திறந்து கேட்க அவர்களுக்குக் கூச்சம், கொடுக்க நமக்குக் கூச்சம். கூச்சத்தை நாம்தான் முதலில் விட வேண்டும். பழுப்புத்தாளில் கட்டி, மளிகைச் சாமானோடு சேர்த்து, பெண்கள் கையாலேயே சயாஜியிடம் கொடுங்கள். உள்ளாடைகளும் அப்படியே. இரும்புச்சத்து மாத்திரை, தலைவலி மாத்திரை, பல் மருத்துவரிடம் போய்வரும் செலவு ஆகியவற்றையும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது வெளிச்சம். மின்சாரம் மணிக்கணக்கில் நின்றுபோகும் இந்தக் காலத்தில், தேர்வுக்குப் படிக்கிற தீலஷினுக்குச் சூரிய ஒளி விளக்கைவிடப் பெரிய தானம் எனக்குத் தெரியவில்லை. பத்தமபியான் என்னும் அரசுப் பாலித் தேர்வுகளைத் தாண்டித் தம்மாசரியம் என்னும் ஆசிரியப் பட்டம் பெற்ற தீலஷின்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் பாடம் சொல்லிக்கொடுத்தால் பிக்குகளும் பயன் பெறக்கூடிய அளவுக்குப் படித்தவர்கள். யாங்கோனில் 1998-இல் தொடங்கிய சர்வதேசத் தேரவாதப் பௌத்தப் பல்கலைக்கழகம் பெண்களையும் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே ஒரு மாணவியின் நூல்களையும் தேர்வுக்காலப் போக்குவரத்தையும் உங்கள் குடும்பம் ஏற்றுக்கொள்ளலாம். பட்டம் பெறும்வரை விடாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். பிக்குகளுக்குத் தலைமுறை தலைமுறையாக ஆதரிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன; தீலஷின்களில் பலர் தம் சொந்த அக்காள் தங்கைகளின் உதவியில்தான் படிக்கிறார்கள். ஷான் மலைகளிலிருந்து வந்த சிறுமிகளுக்கு அந்த உதவியும் எட்டாத தொலைவில் இருக்கிறது.

அங்கித் துணியைப் பற்றி ஒரு வார்த்தை. தடிஞ்யுட் மாதப் பௌர்ணமிக்குப் பிறகு வரும் கடினச் சீவர தானம் (மழைக்காலத் தவம் முடிந்ததும் அங்கி வழங்குவது) விநயப்படி பிக்கு சங்கத்துக்கு உரியது. அந்த ஒரு மாதம் ஊர் முழுவதும் காவித்துணியாகக் குவியும். இளஞ்சிவப்புத் துணிக்கு அப்படி ஒரு காலம் கிடையாது. அதனால் கடினச் சீவரத்துக்கு ஒதுக்கும்போதே சரிபாதியை எடுத்து வைத்து, அதே மாதம் தீலஷின் மடத்துக்கும் துணி வாங்குங்கள்.

வீட்டுக்கு அழைக்கும்போது

புதுமனை புகுதல், பிறந்தநாள், இறந்தவர் நினைவு நாள் என்று எதற்கு வேண்டுமானாலும் தீலஷின்களை அழைக்கலாம். மங்கல சுத்தமும் ரதன சுத்தமும் மெத்த சுத்தமும் அவர்கள் வாயில் கேட்க வேண்டும், அத்தனை தெளிவு. ஐந்து சீலத்தையும் சயாஜியிடமே கேட்டு ஏற்கலாம். இல்லறத்தார் பிக்குவிடம் மட்டுமே சீலம் ஏற்க வேண்டும் என்று விநயத்தில் விதி இல்லை. மடத்துக்கு நேரில் போய் அழையுங்கள். வண்டி அனுப்பிக் கூட்டிவந்து, வண்டியிலேயே திருப்பி அனுப்புங்கள். பிக்குகளுக்கு டாக்சி, தீலஷின்களுக்கு பஸ் என்பது நடக்கிற விஷயம், அதனால்தான் சொல்கிறேன்.

பிக்குகளையும் தீலஷின்களையும் ஒரே நாளில் அழைத்தால் சிக்கல் வரும். பிக்குகள் மேலிடத்தில் அமர்வார்கள், முதலில் உண்பார்கள். தீலஷின்கள் சமையலறைப் பக்கம் ஒதுங்கிக் கடைசியில் உண்பார்கள். சில வீடுகளில் பரிமாறும் வேலையையும் அவர்களிடமே விட்டுவிடுகிறார்கள். இதற்குப் பெரியவர்கள் எடுத்துக்காட்டுவது கோதமிக்கு விதிக்கப்பட்டதாகச் சொல்லும் எட்டுப் பெருவிதிகளை. நூறு ஆண்டு உபசம்பதை கொண்ட பிக்குணியும் அன்றைக்கு உபசம்பதை பெற்ற பிக்குவை வணங்க வேண்டும் என்பது அதில் முதல் விதி. நான் திரும்பக் கேட்பது இதுதான்: அந்த விதிகள் பிக்குணிகளுக்கு உரியவை. தீலஷின் பிக்குணி அல்லர் என்று நீங்களே சொல்கிறீர்கள். பிக்குணிக்குரிய உரிமை அவருக்கு இல்லை, பிக்குணிக்குரிய தாழ்வு மட்டும் உண்டு என்றால் அது எப்படி நியாயமாகும்? மேலும், அவை துறவிகள் தமக்குள் நடந்துகொள்ள வேண்டிய முறை. சோறு பரிமாறுகிற நம் அகப்பையை அவை கட்டுப்படுத்தவில்லை.

செய்முறையாகச் சொன்னால், ஒரே உயரத்தில் இரண்டு இடங்களை ஏற்பாடு செய்யுங்கள். கூடத்தில் இடம் இல்லாவிட்டால் தனித்தனி நாளில் அழையுங்கள். தனி நாள்தான் எனக்குப் பிடித்தது. அன்றைக்கு அவர்களே முதல் விருந்தினர், அவர்களே உரை நிகழ்த்துகிறவர்கள், யாருக்கும் பின்னால் அவர்கள் நிற்க வேண்டியதில்லை. உணவு, காணிக்கை உறை, உறைக்குள் இருக்கும் தொகை எல்லாம் பிக்குகளுக்குக் கொடுத்த அதே அளவில் இருக்கட்டும். வணங்கும்போது குடும்பத்து ஆண்களும் விழுந்து வணங்கட்டும். ஆண்களுக்குப் பெண் துறவியை விழுந்து வணங்கத் தயக்கம் இருக்கும். வீட்டில் மூத்த ஆண் முதலில் வணங்கிவிட்டால் தம்பிகளும் மருமகன்களும் தாமாகப் பின்தொடர்வார்கள். என் வீட்டுக்காரரிடம் முந்தைய இரவே பேசி வைத்தேன், அவரும் மறுக்காமல் செய்தார்.

மகள் கேட்டால்

மகனுக்கு ஷின்பியூ (சிறுவனை இளந்துறவியாக்கும் சடங்கு) செய்யும் நம் குடும்பங்கள் உண்டு; பந்தல், பட்டு உடை, ஊர்வலம், ஊர்ச்சோறு. அதே மேடையில் மகளுக்குக் காது குத்துவதோடு முடித்துக்கொள்கிறோம். திங்ஜான் என்னும் பர்மியப் புத்தாண்டு விடுமுறையில் பெண்பிள்ளைகளும் சில நாட்கள் தீலஷினாக இருந்துவரலாம். மகள் விரும்பினால் தடுக்காதீர்கள், விரும்பாவிட்டால் கட்டாயப்படுத்தாதீர்கள். தலை மழிக்க வேண்டும் என்பதை முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பெற்றோர் சம்மதத்தை நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அங்கி, கொசுவலை, போர்வை, தட்டு, குவளை ஆகியவற்றை நீங்களே கொடுத்தனுப்புங்கள். இரவில் தங்குகிறவர்களை வார்டு அலுவலகத்தில் பதிவதற்கான அடையாள ஆவண நகலை மறக்காதீர்கள். மடத்தில் உங்கள் மகளுக்கு ஆகும் உணவுச் செலவைக் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். மகனுக்குச் செலவிட்டதில் பாதியாவது அந்த மடத்துக்குப் போனால் மகளுக்கும் அது தெரியும்.

மந்தலேயில் மகாமுனி புத்தர் சிலைக்குத் தங்கரேக்கு ஒட்ட ஆண்கள் மட்டும் உள்ளே போகிறார்கள். சைக்தியோ என்னும் தங்கப் பாறைப் பயாவிலும் அப்படித்தான். பாலி நூல்களைக் கரைத்துக் குடித்த ஒரு சயாஜி என்னோடு தடுப்புக்கு வெளியே நிற்க, மீசை அரும்பாத பையன் உள்ளே போய் ஒட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. தங்கரேக்குக்கு எடுத்து வைத்த பணத்தை நான் இப்போது ஒரு மாணவியின் நூல்களுக்குக் கொடுக்கிறேன். மகளோடு அங்கே போகிறவர்கள், அவள் ஏன் என்று கேட்டால், மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.

சகாயிங்கிற்கு

மந்தலேக்கு அருகிலுள்ள சகாயிங் மலைகள் தீலஷின் கல்வியின் தாய்வீடு. 2025 மார்ச் 28 அன்று 7.7 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் அங்கே பல மடங்கள் இடிந்தன. பயாக்களைச் செப்பனிடப் பணம் திரண்டுவரும். தீலஷின் மடத்தின் சமையற்கூடத்துக்கும் கழிப்பறைக்கும் வரிசை கடைசியில்தான் வரும். யாங்கோனில் உங்களுக்குப் பழக்கமான மடத்துச் சயாஜியிடம் கேளுங்கள். அவருக்குச் சகாயிங்கில் உடன் படித்தவர்களோ குருவோ கட்டாயம் இருப்பார்கள். அவர் வழியாகவே அனுப்புங்கள். எதற்கு அனுப்புகிறீர்கள் என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள்: தகரம், குழாய், தண்ணீர்த் தொட்டி என்று. ரசீதில் குடும்பத்தலைவர் பெயரோடு, பணம் சேர்த்த பெண்களின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். இந்த மாதம் எங்கள் தெருவில் தண்ணீர்த் தொட்டிக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.